இடைசெவலிலிருந்து மலாயா வரை: கு. அழகிரிசாமியும் கதை எழுதப் பழகும் நாங்களும்



போன வருச மலருக்கு நான் ஒரு சிறுகதை அனுப்பியிருந்தேன். கொப்பித் தாளில் பத்துப் பக்கம். மலர்க்குழு அதைப் போடவில்லை. நான் கோவிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். இரண்டு கிழமை நல்லாகக் கோவித்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு குழுவில் உள்ள ஒரு அண்ணை ரெலிபோன் எடுத்து ஆறுதலாகக் கதைத்தார். ஷெல் விழுகுது, சனம் ஓடுது, எல்லாம் உண்மைதான், ஆனால் ஓடுறது ஆரெண்டு கதையில் தெரியேல்லை தம்பி என்றார். அந்தச் சொல்லு எனக்கு மாதக் கணக்காக மண்டைக்குள் கிடந்தது. அதனால் இந்த முறை கதை அனுப்பாமல் ஒரு கதைக்காரரின் வாழ்க்கையை எழுதுகிறேன். மலருக்குக் கதை எழுதி அனுப்புகிற தம்பி தங்கச்சிமாரும், எழுத ஆசைப்பட்டு அனுப்பாமல் வைத்திருப்பவர்களும் இவரை அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் நான் இருக்கிற இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் எல்லாரும் என்னை வளைகுடாவில் நிற்கிறான் என்றுதான் சொல்வார்கள். உண்மையில் யான்பு வளைகுடாக் கரையில் இல்லை. சவூதியின் மற்றப் பக்கம், செங்கடல் கரையில், ஜித்தாவிலிருந்து வடக்கே முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். பழைய துறைமுக ஊர் ஒன்று. அதற்குத் தெற்கே, 1975இல் அரசாங்கம் அமைத்த ஆணைக்குழு கட்டியெழுப்பிய தொழிற்சாலை நகரம். கிழக்கே எடுக்கிற எண்ணெய் பாலைவனத்தைக் குறுக்கறுத்துக் குழாயில் இங்கே வந்து சேருகிறது. நான் பிளாஸ்ரிக் மணி மூட்டை கட்டும் பகுதியில் வேலை செய்கிறேன். பார்க்க வெள்ளைப் பச்சையரிசி மாதிரி இருக்கும். ஒரு மூட்டை 25 கிலோ. ஏ.எல் சோதினையோடு படிப்பு நின்றவனுக்கு இது பிழையில்லாத வேலை.

எங்கள் அறையில் ஆறு பேர். அதில் ஒருவர் கோவில்பட்டிக்காரர். அந்தப் பக்கத்து வழக்கப்படி அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். லீவில் போய் வரும்போதெல்லாம் கடலைமிட்டாய் கொண்டு வருவார். ஒருமுறை மிட்டாய்ப் பெட்டியோடு அட்டை கழன்ற ஒரு புத்தகமும் வந்தது. அவர் பெரிய வாசகர் இல்லை. எங்க ஊர்ப் பக்கத்து ஆள் எழுதினது, நீதான் எழுதுறவனாச்சே, படி என்று கட்டிலில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அது கு. அழகிரிசாமியின் சிறுகதைகள்.

அழகிரிசாமி 1923ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆம் திகதி இடைசெவல் என்ற சின்னக் கிராமத்தில் பிறந்தவர். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற றோட்டில் இருக்கிற ஊர். அப்போது திருநெல்வேலி ஜில்லா, இப்போது தூத்துக்குடி மாவட்டம். கரிசல் மண், வானம் பார்த்த பூமி. பருத்தியும் கம்பும் சோளமும் விளையும், மழை பொய்த்தால் அதுவும் இல்லை. அண்ணாச்சி தன் ஊரைப் பற்றிச் சொல்லும்போது முதலில் சொல்வது வெயில், பிறகுதான் மற்றதெல்லாம்.

அதே ஊரில் அதே வயதில் இன்னொரு பெடியன் இருந்தான். அவர்தான் பின்னாளில் கி. ராஜநாராயணன். இருவரும் சேர்ந்து திரிந்தார்கள், சேர்ந்து வாசித்தார்கள், சங்கீதத்தில் இருவருக்கும் பைத்தியம். பக்கத்து விளாத்திகுளம் சுவாமிகளின் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள். கி.ரா. பள்ளிக்கூடத்தை இடையிலேயே விட்டு நின்றுவிட்டார். அழகிரிசாமி பள்ளி இறுதி வகுப்பு முடித்தார். பல்கலைக்கழகப் படி இருவருமே ஏறவில்லை. பின்னாளில் இருவருக்கும் சாகித்திய அக்கடமிப் பரிசு கிடைத்தது, இவருக்கு 1970இல், கி.ரா.வுக்கு 1991இல். சிநேகிதனுக்குப் பிறகு ஐம்பது வருசம் வாழ்ந்து கி.ரா. 2021இல் காலமானார். ஏ.எல் படித்தவன் எழுதலாமோ என்று கூச்சப்படுகிறவர்கள் இந்த இடத்தைத் திருப்பி ஒருமுறை வாசிக்கவும்.

படிப்பு முடிந்து பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அரசாங்க உத்தியோகம். எங்கட பக்கத்தில் என்றால் கலியாணச் சந்தையில் அதுக்கு ஒரு விலை இருக்கும். அதைத்தான் அவர் விட்டெறிந்தார். 1943இல் ஆனந்த போதினி என்ற பத்திரிகையில் அவருடைய கதை ஒன்று வந்தது. பிறகு அந்தப் பத்திரிகையிலேயே வேலைக்கென்று மதராஸ் புறப்பட்டுவிட்டார். சம்பளமும் நிச்சயமில்லை, பத்திரிகை எத்தனை நாள் ஓடும் என்பதும் நிச்சயமில்லை. அதன் பின் பிரசண்ட விகடன், பிறகு வை. கோவிந்தன் நடத்திய சக்தி. சக்தியில் தொ.மு.சி. ரகுநாதன் கூட வேலை செய்தார். புதுமைப்பித்தனையும் நேரே பழகி அறிந்தவர். மற்றவர்கள் எழுதினதைத் திருத்துவது, மொழிபெயர்ப்பது, அச்சுப் பிழை பார்ப்பது என்று அந்த வருசங்கள் போயின. மாக்சிம் கோர்க்கியைத் தமிழில் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். செக்கோவைத் திருப்பித் திருப்பிப் படித்தார். இன்னொரு பக்கம் கம்பனில் ஊறிக் கிடந்தார், கம்பனை வைத்துக் கவிச்சக்கரவர்த்தி என்று நாடகமே எழுதினார். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தைப் பதிப்பித்தார். ஒரு கையில் ரஷ்யாக்காரன், மறு கையில் கம்பன். எழுதப் பழகுகிறவன் எதை வாசிக்க வேண்டும் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். எங்களில் கனபேர் வாசிப்பதே இல்லை, நேரே எழுதத் தொடங்குகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

இனி மலாயாவுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அந்தப் பகுதிதான்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவர் கோலாலம்பூருக்குப் போனார். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் பத்திரிகையில் ஆசிரியர் வேலை. அந்தப் பத்திரிகை 2019 வரை வந்துகொண்டிருந்தது. அவர் போன காலத்தில் மலாயா வெள்ளைக்காரன் கையில்தான் இருந்தது. 1948இலிருந்து அவசரகாலச் சட்டம், காட்டுக்குள் சண்டை, றோட்டில் சோதனை. தமிழ்ச் சனத்தில் பெரும்பகுதி ரப்பர்த் தோட்டத்து லயங்களில். எழுத ஆசைப்பட்டவர்கள் யாரென்று பார்த்தால் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்திமார், கிளார்க்குகள், தோட்டத் தொழிலாளிகளின் பிள்ளைகள். பகல் முழுக்க வேறு வேலை, இரவில் எழுத்து. யான்பு காம்பில் கட்டிலுக்கு மேல் கொப்பி வைத்திருக்கிற எனக்கு இவர்களைச் சொந்தக்காரர் மாதிரித் தெரிகிறது.

இவர் போகுமுன்பே அங்கே ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. 1950இல் தமிழ் நேசனில் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் என்ற இருவர் கதை வகுப்பு என்றே ஒன்றைத் தொடங்கிக் கதை எழுதுவதைப் பத்திரிகை மூலம் பாடமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த வகுப்பை விட்டுவிட்டு எழுத முடியாது. அதில் பழகி வந்தவர்கள் பலர்.

அழகிரிசாமி வந்த பிறகு அது வேறு வடிவம் எடுத்தது. இலக்கிய வட்டம் என்று கூட்டி, அங்குள்ளவர்கள் எழுதின கதைகளை எடுத்து வைத்து ஆராய்ந்தார்கள். எழுதினவரும் இருப்பார், மற்றவர்களும் இருப்பார்கள். எது நல்லது, எது சரியில்லை, ஏன் சரியில்லை என்று வெளிப்படையாகப் பேச்சு நடக்கும். பத்திரிகைக்குக் கதை தெரிவதிலும் அவர் தரத்தை விட்டுக் கொடுக்காதவர். தெரிந்தவர், பெரியவர், இந்த ஊருக்கு முதல் வந்தவர் என்ற கணக்கு அவரிடம் செல்லவில்லை. எல்லாருக்கும் இது இனித்ததா என்றால் இல்லை. இந்தியாவிலிருந்து வந்தவர் எங்களுக்குப் பாடம் எடுப்பதோ என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. எனக்கு அது விளங்குகிறது. போன வருசம் நான் இரண்டு கிழமை இருந்த நிலையும் அதுதானே. ஆனால் தன் கதையை ஒருவர் பொறுமையாக முழுக்க வாசித்து, இந்த இடத்தில் நீ வழுக்கிவிட்டாய் என்று காட்டுவது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது கோபம் ஆறின பிறகுதான் தெரிகிறது. எங்கள் ஆக்களின் கூட்டங்களில் மாலை போட்டு, நல்லாயிருக்கு என்று சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுகிறோம். எழுதினவன் அடுத்த வருசமும் அதே பிழையோடு வருகிறான்.

பிழைப்புக்காகக் கடல் தாண்டியவர் என்ற வகையிலும் அவர் எங்களில் ஒருவர். கி.ரா.வுக்கு எழுதின கடிதங்கள் பின்னாளில் புத்தகமாகவே வந்தன. மலாயாவில்தான் 1955இல் கலியாணம் செய்தார். மனைவி சீதாலட்சுமி மலாயா வானொலியில் பாடிக்கொண்டிருந்தவர். சங்கீதப் பைத்தியத்துக்கு வேறு எப்படிப் பெண் அமையும்! 1957இல், மலாயா சுதந்திரம் அடைந்த அதே வருசம், ஊருக்குத் திரும்பினார்.

திரும்பி வந்து காந்தியின் எழுத்துக்களைத் தமிழில் வெளியிடுகிற கழகத்தில் வேலை செய்தார். 1960இலிருந்து 65 வரை நவசக்தி பத்திரிகை. அதன் பிறகு நிலையான சம்பளம் இல்லாத வருசங்கள், பேனையை மட்டும் நம்பின வருசங்கள். 1970இல் சோவியத் நாடு பத்திரிகையில் இடம் கிடைத்தது. நிம்மதியாக மூச்சு விடுமுன்பே அந்த வருசம் ஜூலை 5ஆம் திகதி காலமாகிவிட்டார். வயது நாற்பத்தாறு. அன்பளிப்பு என்ற தொகுப்புக்குச் சாகித்திய அக்கடமிப் பரிசு கிடைத்தபோது வாங்க அவர் இல்லை.

வாழ்க்கை இவ்வளவுதான். இனி அவருடைய கதைகளிலிருந்து நான் பொறுக்கிக்கொண்டதைச் சொல்கிறேன். நான் செய்தது ஒரு சின்ன வேலை. இரவு வேலை இல்லாத நாட்களில் அவருடைய ஒரு கதையைக் கையால் கொப்பியில் பார்த்து எழுதினேன். வாசிக்கும்போது ஓடிப் போகிற வரிகள், எழுதும்போது நின்று முகத்தைக் காட்டும். அன்பளிப்பு கதையைத்தான் முதலில் எழுதினேன். பத்திரிகையில் வேலை செய்கிற ஒருவர், அவரிடம் புத்தகத்துக்கு ஓடி வருகிற பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். அவர் இரண்டு பிள்ளைகளுக்கு டயறி கொண்டு வந்து கொடுக்கிறார். சாரங்கன் என்ற பெடியனுக்கு இல்லை. அவனை அவரும் கவனிக்கவில்லை, வாசிக்கிற நாங்களும் கவனிக்கவில்லை. கடைசியில் அவன் அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், தானே ஒரு டயறியை எடுத்து நீட்டி, அது தனக்கு அவர் தந்த அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். கதை அங்கேயே முடிகிறது. அவர் என்ன நினைத்தார், அழுதாரா என்று ஒரு வரி கிடையாது. நான் எழுதியிருந்தால் அதற்குப் பிறகு அரைப் பக்கம் அழுதிருப்பேன்.

ராஜா வந்திருக்கிறார் என்ற கதையில் தீபாவளி. வசதியான வீட்டுக்கு ஜமீன் மாப்பிள்ளையாக ஒரு ராஜா வருகிறார். ஏழை வீட்டு வாசலுக்கு உடம்பில் புண்ணோடு ஒரு அநாதைச் சிறுவன் வருகிறான். அவன் பெயரும் ராஜா. தாய் அவனையும் தன் பிள்ளைகளோடு சேர்த்துக் குளிக்க வார்த்து உடுத்துகிறாள். அவ்வளவுதான் நடப்பது. பணக்காரனை ஒரு இடத்திலும் அவர் திட்டவில்லை. இருவர் கண்ட ஒரே கனவு இன்னும் கடினம். பட்டினியில் தாயை இழந்த இரண்டு பிள்ளைகள், தாய் வந்து தன் சேலையால் போர்த்திவிட்டதாக ஒரே இரவில் ஒரே கனவு காண்கிறார்கள். அவர் பஞ்சத்தையும் பட்டினியையும் கண்ட மண்ணிலிருந்து வந்தவர். ஆனால் எத்தனை ஆயிரம் பேர் செத்தார்கள் என்று எழுதப் போகவில்லை. ஒரு சேலையை எழுதினார். என்னுடைய பத்துப் பக்கத்தில் சேலை இல்லை. ஷெல் மட்டும் இருந்தது.

பிறகு சுயரூபம் என்ற கதையைப் பார்த்து எழுதத் தொடங்கினேன். பழம்பெருமை உள்ள குடும்பத்து மாடசாமித் தேவர். கையில் காசில்லை, வயிற்றில் பசி. இட்லிக் கடைக்குப் போகிறார். கடனுக்கு இட்லி கேட்க வேண்டும், கேட்க வாய் வரவில்லை. ஊர்க்கதை, உலகக்கதை எல்லாம் கதைக்கிறார், இட்லியை மட்டும் கேட்கவில்லை. நான் மூன்றாம் பக்கத்தில் பேனையை வைத்துவிட்டேன். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

எங்கள் ஐயாவுக்கு இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் இருந்தது. கோயில் திருவிழாவுக்கு அன்னதான அரிசி எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். 2009இல் செட்டிகுளம் முகாமில் சமைத்த சாப்பாடு கொடுக்கும் வரிசையில் ஐயா நின்றார். எனக்கு அப்போது இருபது வயது. நான் அந்தப் பக்கத்தால் வந்தேன். அவர் என்னைக் கண்டார், நான் அவரைக் கண்டேன். அவர் மற்றப் பக்கம் திரும்பினார், நானும் திரும்பி வேறு பாதையால் போய்விட்டேன். அன்று இரவு இருவரும் மழையைப் பற்றிக் கதைத்தோம். 2014இல் ஐயா காலமாகும் வரைக்கும் அதைப் பற்றி நாங்கள் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. என்னுடைய பத்துப் பக்கத்தில் இந்த வரிசையும் இல்லை. அது கதை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சொந்தக்காரர் வாசிப்பார்களே, ஐயாவின் மரியாதை என்னாவது என்ற பயம். ஷெல்லை எழுதினால் ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

போன புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் அதை எழுதினேன். மூன்று முறை எழுதி மூன்று பக்கமாகக் குறைத்தேன். நான் அழுதது, அரசாங்கத்தைத் திட்டினது, கடைசியில் சொன்ன தத்துவம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். ஐயா கையில் ஒரு கோப்பையோடு நிற்கிறார், மகன் வேறு பாதையால் போகிறான், இரவு மழை வருமா என்று கதைக்கிறார்கள். அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, நாளைக்கு எத்தனை மணி ஷிப்ட் என்று கேட்டார்.

மலர்க்குழுவுக்கு அனுப்பவில்லை. முதலில் அக்காவுக்கு அனுப்பினேன். அவவுக்குத் தெரியாமல் ஐயாவை அச்சில் ஏற்ற எனக்கு உரிமை இல்லை. இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வேலை முடிந்து வரும்போது ரெலிபோனில் ஒரு குரல் செய்தி கிடந்தது. கதை நல்லது, கூடாது என்று அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஐயா கையில் வைத்திருந்தது கோப்பை இல்லை, பழைய பால்மாப் பேணி, அதைத் திருத்து என்று மட்டும் சொல்லியிருந்தா.

அக்கா அந்தப் பக்கம் வந்ததே இல்லை என்றுதான் நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். திருத்திவிட்டேன்.